ஊட்டுக்கு ஒருத்தர்

ஜெர்மனியில் மருத்துவமனைக் காத்திருப்பு அறைக்குள் நுழைகிறவர்கள், அங்கே உட்கார்ந்திருக்கும் எல்லாருக்கும் பொதுவாக ஒரு வணக்கம் வைக்கிறார்கள். அறையைப் பார்த்து 'குட்டன் மோர்கன்' என்பார்கள். இருப்பவர்களும் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமலே திருப்பி முணுமுணுப்பார்கள். அதோடு சரி. வந்தவர் பக்கத்து நாற்காலியைக் காலியாக விட்டு அதற்கடுத்ததில் உட்கார்ந்து சுவரைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். கிளம்பும்போது மறுபடியும் எல்லாருக்கும் பொதுவாக ஒரு 'ச்சூஸ்'. நடுவில், உங்களுக்கு உடம்புக்கு என்ன என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. எங்கள் கொல்லிமலையில் இது அப்படியே தலைகீழ். சுகாதார நிலையத்து வராந்தாவில் யாரும் யாருக்கும் வணக்கம் வைத்து நான் பார்த்ததில்லை. ஆனால் உட்கார்ந்த மறு நிமிடமே பக்கத்தில் இருப்பவர் "என்ன கண்ணு பண்ணுது?" என்று தொடங்கி, எந்த இடத்தில் வலி, எத்தனை நாளாக, சோறு இறங்குகிறதா, வீட்டுக்காரர் என்ன சொல்கிறார் என்பது வரை கேட்டு முடித்திருப்பார். டாக்டர் பார்ப்பதற்குள் பாதி வராந்தா பார்த்திருக்கும்.

காசெல் நகரத்துக்கு நர்ஸ் வேலைக்கு வந்த புதிதில் இந்த வித்தியாசம் தெரியாமல் மாட்டிக்கொண்டேன். காத்திருப்பு அறையில் ஒரு பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குறுகி உட்கார்ந்திருந்தாள். நான் அந்த வழியாகப் போகும்போது, கற்றுக்கொண்டிருந்த கொஞ்சநஞ்ச ஜெர்மனில் "உங்களுக்கு என்ன செய்கிறது?" என்று கேட்டுவிட்டேன். அவள் பையையும் கோட்டையும் எடுத்துக்கொண்டு எழுந்து என் பின்னாலேயே நடக்க ஆரம்பித்தாள். கேள்வி கேட்டால் அவள் முறை வந்துவிட்டது என்று அர்த்தமாம். நான் போய்க்கொண்டிருந்ததோ மருந்து அலமாரிக்கு. இரண்டு பேரும் அலமாரி முன்னால் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தலைமை நர்ஸ் வந்து அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு எனக்குப் பாடம் எடுத்தார். கேள்வி எல்லாம் அறைக்கு உள்ளே, கதவைச் சாத்திய பிறகு, நோயாளியிடம் மட்டும். அன்றிலிருந்து அந்தப் பாடத்தை நான் மறந்ததில்லை. சொல்லப்போனால் அதை வேதமாகவே ஆக்கிக்கொண்டேன்.

இப்போது நான் இருப்பது எண்டோமெட்ரியோசிஸ் நோய்க்கென்றே இருக்கும் ஒரு பிரிவில். இந்தப் பெயரை நம் ஊரில் பலர் கேள்விப்பட்டே இருக்க மாட்டார்கள்; நோயோ வீட்டுக்கு வீடு நடமாடுகிறது. கர்ப்பப்பையின் உட்சுவரில் மாதா மாதம் வளர்ந்து உதிர்கிற படலம் போன்ற ஒன்று, இருக்கக்கூடாத இடங்களில், சினைப்பையின் மேலும் குடலின் மேலும் ஒட்டி வளர்வதுதான் இது. களத்து மேட்டில் சிந்திய சாமை பாறை இடுக்கில் முளைப்பதில்லையா, அப்படி. தீட்டு நாட்களில் அதுவும் வீங்கும், கசியும். சுற்றியுள்ள உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கும். வலி உயிர் போகும். சாதாரண ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது. தெரியாததால், 'எல்லாப் பெண்களுக்கும் வருவதுதானே', 'கல்யாணம் ஆனால் சரியாகும்', 'ஒரு பிள்ளை பெற்றால் போய்விடும்' என்று வருடக்கணக்கில் தள்ளிப்போடுவார்கள். மூன்றுமே தப்பு. என் வேலை நோயாளிக்கு இதையெல்லாம் புரியவைப்பது; பிறகு எந்த டாக்டரிடம் போவது, எந்தப் பரிசோதனை எடுப்பது, எதற்கு அவசரப்படக்கூடாது என்று ஒரு கதவிலிருந்து அடுத்த கதவுக்குக் கைபிடித்துக் கொண்டுபோய்ச் சேர்ப்பது.

வயிற்றில் சின்னத் துளையிட்டு, கேமரா விட்டு, இந்த நோயை எடுப்பதை நான் முதன்முதலாகத் திரையில் பார்த்தபோது கிட்டே போய் உற்றுப் பார்த்தேன். ரோஜா நிறத்தில் பளபளவென்று ஓர் உலகம். அதில் அங்கங்கே கறுப்பும் கத்தரிப்பூ நிறமுமாகச் சின்னச் சின்னப் புள்ளிகள். மிளகைவிடச் சிறியவை. இத்தனூண்டு புள்ளிகளா ஒரு பெண்ணைத் தரையில் போட்டு உருட்டுகின்றன என்று என்னால் நம்ப முடியவில்லை. அந்த நிமிடமே என் தங்கை பூங்கொடி நினைவுக்கு வந்துவிட்டாள். எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்போம்; தேவனூர் நாட்டில் எங்கள் வீட்டில், மிளகு மூட்டைகளுக்குப் பின்னால், ஆள் பார்க்காத சந்தில், முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கிடப்பாள். வயதுக்கு வந்த வருடத்திலிருந்தே அப்படித்தான். கூப்பிட்டால் "ஒண்ணுமில்லக்கா" என்பாள். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு எங்கள் வீடு என்றால் நாங்கள் இரண்டு பேர்தான். அவளைப் பெரக்கரை நாட்டில் கட்டிக்கொடுத்துவிட்டு நான் விமானம் ஏறினேன்.

போன வருடம் அவள் கணவன் செல்வராசு போன் செய்தான். நல்ல பையன், அதிர்ந்து பேசமாட்டான். "அக்கா, அடிவாரத்து ஆஸ்பத்திரில கர்ப்பப்பைய எடுத்தரலாம்னு சொல்லிட்டாங்க. நாளும் குறிச்சாச்சு. வலி போயிருமாம்" என்றான். பூங்கொடிக்கு இன்னும் முப்பது ஆகவில்லை; குழந்தையும் இல்லை. நோய் கர்ப்பப்பைக்கு வெளியே ஒட்டிக்கொண்டிருந்தால், கர்ப்பப்பையை எடுத்தும் வலி போகாது. பிள்ளை பெறும் வழி மட்டும் போய்விடும். இதை நான் தினமும் யாரோ ஒரு ஜெர்மன்காரிக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், என் தங்கைக்குச் சொல்ல ஆளில்லை. "அந்தம்மா முடிவு பண்ணிட்டாங்களா?" என்று கேட்டேன். அந்தம்மா என்றால் செல்வராசுவின் அம்மா, பாப்பாத்தியம்மாள். "அம்மாதாங்க்கா மொதல்ல செரின்னாங்க" என்றான். சண்டை போடத் தயாராகத்தான் நான் டிக்கெட் எடுத்தேன்.

பெரக்கரை நாட்டில் அவர்கள் வீட்டில் போய் இறங்கியதும் எனக்குத் தெரிந்த முறையில் வேலையைத் தொடங்கினேன். குறித்த நாளைத் தள்ளிப்போடச் சொன்னேன். சேலத்தில் இந்த நோயைப் பற்றி நன்றாகத் தெரிந்த ஒரு பெண் டாக்டரிடம் 'டெர்மின்' வாங்கினேன். டெர்மின் என்றால் முன்பதிவு நேரம். ஜெர்மனியில் முடி வெட்டவும் டெர்மின், அழுகிற தோழியைப் பார்க்கப் போகவும் டெர்மின். பழைய ஸ்கேன்களை எல்லாம் வரிசைப்படுத்தினேன். பூங்கொடியை எதிரே உட்கார வைத்து, நான் டாக்டராக நடித்து, கேள்வி கேட்டுப் பழக்கினேன். வலி எந்த நாளில் தொடங்குகிறது, எங்கே பாய்கிறது, வெளிக்குப் போகும்போது வலிக்கிறதா, எந்தெந்த வேலையை வலி நிறுத்திவிடுகிறது. எல்லாவற்றுக்கும் அழகாகப் பதில் சொன்னாள். "இதே மாதிரி அங்கயும் சொல்லணும். உன் உடம்பப் பத்தி நீதான் சொல்லணும், வேற யாரும் சொல்ல முடியாது. நீயும் நானும் மட்டும் போறோம்" என்றேன். "செரிக்கா" என்றாள். நீயும் நானும் மட்டும் என்று நான் சொன்னபோது அவள் முகத்தில் ஒரு தயக்கம் தெரிந்தது. அதை நான் பயம் என்று எடுத்துக்கொண்டேன்.

விடிந்து வெளியே வந்தால் வீட்டு முன்னால் ஜீப் நிற்கிறது. ஜீப்புக்குள்ளும் ஜீப்பைச் சுற்றியும் ஊரே நிற்கிறது. பாப்பாத்தியம்மாள் நல்ல சேலை கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து, சாப்பாட்டுத் தூக்கோடு தயாராக இருக்கிறார். செல்வராசு, மூத்த மருமகள் ராணி, பக்கத்து வீட்டு வெள்ளையம்மா, கோயில் பக்கத்து வீட்டுப் பெரியவர், இன்னும் எனக்குப் பெயர் தெரியாத பலர். எனக்கு வந்த கோபத்தில் தமிழே வரவில்லை. "இத்தன பேரு எதுக்குங்க அத்தே? இது கல்யாணமா?" என்றேன்.

"ஊட்டுக்கு ஒருத்தருங்க. ஆஸ்பத்திரிக்குப் போறப்ப வேற எப்பிடிப் போறது?" என்றார் பாப்பாத்தியம்மாள், நான்தான் ஏதோ புத்தி பிசகிக் கேட்கிறேன் என்பதைப் போல. பிறகு ஜீப்பின் முன் இருக்கையைக் காட்டினார். அதில் பச்சைக்கரை போட்ட ஒரு துண்டு விரித்துக் கிடந்தது. "உனக்குத்தான் எடம் போட்டு வெச்சிருக்குது. உங்கூட்டுக்கு நீதான சாமி."

"நான் நர்ஸா வாரேன், அத்தே" என்றேன் விறைப்பாக.

"நர்ஸாவும் வா" என்றார்.

இந்த ஊட்டுக்கு ஒருத்தரை நான் மறந்தே போயிருந்தேன். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் எங்கள் பக்கத்து ஊர்களுக்கு ரோடு கிடையாது. ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் மூங்கிலில் போர்வையைக் கட்டி டோலியாக்கி, ஒற்றையடிப் பாதையில் அடிவாரத்துப் புளியஞ்சோலைக்குத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். அங்கே ஓடை தாண்டினால்தான் துறையூர் போக வண்டி. எங்கள் பெரியம்மாவைப் பிரசவத்துக்கு அப்படிக் கொண்டுபோனபோது நானும் பின்னால் ஓடியிருக்கிறேன். இரண்டு பேரால் அந்த இறக்கத்தை முழுக்கத் தாங்க முடியாது. கொஞ்ச தூரம் போனதும் முன்னால் தூக்குகிறவர் "தோளு மாத்து" என்று குரல் கொடுப்பார். பக்கத்திலேயே நடந்து வருகிறவர் டோலி குலுங்காமல், நடை நிற்காமல், தன் தோளை உள்ளே கொடுப்பார். முன்னவர் நழுவி வெளியே வருவார். அதனால்தான் வீட்டுக்கு ஒருவர் போயாக வேண்டும் என்று வைத்திருந்தார்கள். இப்போது ரோடு வந்துவிட்டது. வளைவுக்கு வளைவு எண் எழுதிய பலகைகூட வந்துவிட்டது. தூக்க வேண்டியது யாரும் இல்லை. ஆனாலும் கூட வருகிறார்கள். வேலை போன பிறகும் ஆபீசுக்கு வருகிறவர்களைப் போல என்று ஜீப்பில் உட்கார்ந்து மனதுக்குள் திட்டிக்கொண்டே மலை இறங்கினேன்.

சேலத்து ஆஸ்பத்திரியில் வரவேற்பில் இருந்த பெண் எங்களைப் பார்த்து, "இதுல பேஷண்ட் யாருங்க?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. நோயாளியோடு ஒருவர்தான் உள்ளே போகலாம் என்றார்கள்; அப்பாடா என்று நான் பூங்கொடியோடு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். டாக்டரம்மா நிதானமானவர். பழைய ஸ்கேன்களைப் பார்த்துவிட்டு, "சொல்லும்மா, என்ன பண்ணுது?" என்றார்.

"வயித்து வலிங்க. மாசா மாசம் வருமுங்க. ரெண்டு நாள்ல போயிருமுங்க."

"மாத்திரை போட்டா கேக்குதா?"

"கேக்குமுங்க."

"அந்த நாள்ல வேலைக்குப் போக முடியுதா?"

"போவேனுங்க."

நான் மேசைக்கு அடியில் அவள் தொடையைக் கிள்ளினேன். பயனில்லை. வீட்டில் அத்தனை அழகாகச் சொன்னவள், வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் பழைய பூங்கொடியாகிவிட்டாள். முன்பின் தெரியாதவரிடம் தன் கஷ்டத்தைச் சொல்வது அவளுக்கு யாசகம் கேட்பதைப் போல. டாக்டர் தலையாட்டிக்கொண்டார். இந்தப் பதில்களைக் கேட்டால் நானே சாதாரண மாதவிலக்கு வலி என்றுதான் நினைப்பேன். நோயாளிக்குப் பதிலாகப் பேசாதே என்ற என் வேதம் ஒரு பக்கம் வாயைக் கட்டியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் எல்லாம் கைநழுவிப் போகப்போகிறது என்ற பதற்றம் இன்னொரு பக்கம் பேசச் சொல்லி உந்தியது. அப்போது கதவு திறந்தது. தடுத்த பெண்ணின் கைக்கு அடியில் குனிந்து பாப்பாத்தியம்மாள் உள்ளே வந்துவிட்டார்.

"ஏனுங்க டாக்டரம்மா, அவ சொல்ல மாட்டாளுங்க. வேலைக்கு வருவா, நெசந்தான். ஆனா அந்த நாள்ல மொளகு பறிக்க ஏணில ஏற மாட்டா. நீங்க ஏறுங்க, கீழ சிந்துனத நான் பொறுக்கறேம்பா. அதையும் குத்தவெச்சுப் பொறுக்க மாட்டா. மண்டி போட்டுத்தான் பொறுக்குவா. இடுப்ப மடிக்க முடியறதில்லீங்க."

டாக்டர் பேனாவை எடுத்தார். "இன்னும் யார் இருக்கீங்க? வாங்க" என்றார்.

வந்தார்கள். அந்தச் சின்ன அறையில் எடை பார்க்கும் மெஷின் மேலெல்லாம் ஏறி நின்றார்கள். ராணி சொன்னாள்: "அந்த மூணு நாளும் சோறு திங்க மாட்டாளுங்க. கேட்டா பசிக்கலைம்பா. பசி இல்லாம இல்ல. தின்னா வெளிக்குப் போவோணுமே, அந்தப் பயந்தான். போயிட்டு வாரப்ப மூஞ்சி எல்லாம் வேர்த்து, அழுதுக்கிட்டுத்தான் வருவா." டாக்டர் நிமிர்ந்து ராணியைப் பார்த்தார். நோய் குடல் வரை போயிருக்கலாம் என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. எங்கள் பிரிவில் நோயாளிகள் வெட்கத்தால் கடைசியாகச் சொல்வதும் அதுதான். வெள்ளையம்மா தொடர்ந்தாள். ரேசன் கடை வரிசையில் பூங்கொடி பையை மட்டும் வைத்துவிட்டு மரத்தில் சாய்ந்துகொள்வாளாம். கோயில் பக்கத்து வீட்டுப் பெரியவர் கதவோரமாக நின்றபடி, "பஸ்ஸுல எடம் இருந்தாலும் உக்காராதுங்க, அந்தப் புள்ள. நின்னுக்கிட்டேதான் வரும்" என்றார். ஒருவர் நிறுத்தும் இடத்தில் இன்னொருவர் எடுத்துக்கொண்டார். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியவில்லை. எல்லாருக்கும் ஒவ்வொரு துண்டு தெரிந்திருந்தது. பூங்கொடி தலைகுனிந்து உட்கார்ந்திருக்க, அவள் வருடக்கணக்கில் ஒளித்து வைத்திருந்த வலியை அவர்கள் குலுங்காமல் தூக்கிக்கொண்டு வந்து டாக்டரின் மேசை மேல் இறக்கிக்கொண்டிருந்தார்கள். இத்தனை பேரும் இவளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

"எப்ப இருந்து இப்படி?" என்று கேட்டார் டாக்டர்.

"கண்ணாலமாகி வந்த வருசத்துல இருந்தேங்க" என்றார் பாப்பாத்தியம்மாள்.

"அதுக்கு முன்னாடி?"

ஒவ்வொரு முகமாக என் பக்கம் திரும்பியது. உங்கூட்டுக்கு நீதான் என்று காலையில் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த அறையில் அந்தத் துண்டு தெரிந்த ஒரே ஆள் நான். நர்ஸ் வேலையை ஓரமாக வைத்துவிட்டு, மிளகு மூட்டைக்குப் பின்னால் அவள் கிடந்ததைச் சொன்னேன். சொல்லும்போதே அழுதேன். ஜெர்மனியில் நோயாளி முன்னால் நான் அழுதது கிடையாது.

டாக்டர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, "இன்னொரு கேள்வி இருக்கு" என்று தொடங்கிவிட்டு, செல்வராசுவைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், நிறுத்தினார். பாப்பாத்தியம்மாள் உடனே புரிந்துகொண்டார். "வாங்க எல்லாரும் வெளிய போலாம். இது நம்ம கேள்வி இல்ல." செல்வராசுவைத் தவிர எல்லாரும் கிளம்பினார்கள். நான் மட்டும் நாற்காலியில் ஒட்டிக்கொண்டிருந்தேன். அவர் என் தோளைத் தட்டி, "நீயும் வா சாமி" என்றார். நோயாளியின் அந்தரங்கம் பற்றி வகுப்பெடுக்கிற என்னையும் சேர்த்து வெளியே ஓட்டிக்கொண்டு வந்து கதவைச் சாத்தியவர் அவர்தான். உள்ளே அந்த மூன்று பேரும் என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வெகு நேரம் பேசினார்கள். வெளியே வந்தபோது செல்வராசுவின் கண் சிவந்திருந்தது. பூங்கொடி என் அருகில் வந்து, "அக்கா, நானே எல்லாத்தையும் சொல்லிட்டேன்" என்றாள். பரீட்சையில் தேறிய பிள்ளை போல இருந்தது அவள் முகம்.

எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்ததில் எல்லாம் தெரிந்தது. சினைப்பையில் ஒரு கட்டி. கர்ப்பப்பைக்கும் மலக்குடலுக்கும் நடுவில் கெட்டியாக ஒன்று, இரண்டையும் இழுத்து ஒட்டிப் பிடித்துக்கொண்டு. டாக்டர் படத்தைத் திருப்பிக் காட்டி, "கர்ப்பப்பைய எடுத்திருந்தாலும் இது இங்கதாம்மா இருந்திருக்கும். வலியும் இருந்திருக்கும்" என்றார். இப்போதைக்கு மாத்திரை. பிறகு கேமரா வழியாக அறுவை சிகிச்சை, குடல் டாக்டரும் கூட இருந்து செய்ய வேண்டும். கர்ப்பப்பையைத் தொட வேண்டியதில்லை. பிற்பாடு நோய் திரும்பி வரலாம். குழந்தை விஷயத்தில் வாக்குக் கொடுக்க முடியாது, ஆனால் வழி அடைபடவில்லை. இவை எல்லாம் நான் ஜெர்மனில் நூறு முறை சொன்ன வாக்கியங்கள். தமிழில், அதுவும் கேட்கிற பக்கத்தில் உட்கார்ந்து கேட்டது அன்றுதான். கேட்கிற நாற்காலி வேறு மாதிரி இருக்கிறது.

திரும்பி மலை ஏறும்போது ஜீப்பில் யாரும் என்னைச் சும்மா விடவில்லை. "இது தொத்துமா?" "சூட்டுனால வருதுங்களா?" "எம் புள்ளயும் அந்த நாள்ல பள்ளிக்கூடம் போறதில்ல, அதுக்கும் இதானா?" கடைசிக் கேள்வி ராணியுடையது. பள்ளிக்கூடம் போக முடியாத அளவுக்கு வலி என்றால் அது சாதாரணம் இல்லை, காட்டியாக வேண்டும் என்றேன். பாறை இடுக்கில் முளைத்த சாமைக் கதையைச் சொன்னேன். வேரோடு எடுக்காமல் மேலே கிள்ளினால் திரும்ப வருமா என்று வெள்ளையம்மா கேட்டாள். எங்கள் பிரிவுக்கு வரும் இளம் டாக்டர்கள் கேட்கிற கேள்வி அது. வளைவில் ஜீப் சாயும்போது எல்லாரும் என் மேல் சாய்ந்து, நிமிர்ந்ததும் அடுத்த கேள்வியைக் கேட்டார்கள். அப்படி ஒரு வகுப்பை நான் எடுத்ததே இல்லை.

வண்டி சூடாகி ஒரு வளைவில் நின்றபோது பாப்பாத்தியம்மாள் என் பக்கத்தில் வந்து நின்றார். மனதில் இருந்ததைக் கேட்டே விட்டேன். "எடுக்கறதுக்கு நீங்கதான் மொதல்ல செரின்னீங்களாம். பேரன் பேத்தி வேண்டாமாங்க அத்தே?"

"வேண்டாம்னு யாரு சொன்னா? ஆசை இல்லாமயா இருக்குது?" என்றார். "அவ மண்டி போட்டு மொளகு பொறுக்கறதப் பாத்துக்கிட்டு நிக்க முடியல சாமி. எடுத்துட்டா எந்திரிச்சு நிப்பான்னு சொன்னாங்க. அவ எந்திரிச்சு நின்னாப் போதும்னு தோணுச்சு."

காசெலில் இருந்து நான் கட்டிக்கொண்டு வந்த சண்டையை அந்த வளைவிலேயே இறக்கி வைத்தேன். அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

லீவு முடிந்து திரும்பிய நான் என் அறையில் ஒரு மாற்றம் செய்தேன். நோயாளிக்கும் எனக்குமாக இரண்டு நாற்காலிகள்தான் அங்கே உண்டு. மூன்றாவதாக ஒன்றைக் காத்திருப்பு அறையிலிருந்து இழுத்துப் போட்டேன். சக நர்ஸ் உல்ரிக்கே கண்ணில் பட்டபோதெல்லாம் அதைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிடுவாள். எந்தப் பொருள் எந்த அறைக்கு என்பதில் அவள் கறார். நான் மறுபடி இழுத்து வருவேன். தனியாக வந்து, கேட்ட கேள்விக்கெல்லாம் "பரவாயில்லை, சமாளித்துக்கொள்கிறேன்" என்று சொன்ன ஒரு பெண்ணிடம், "விருப்பம் இருந்தால் அடுத்த முறை உங்களோடு இருக்கிற யாரையாவது அழைத்து வாருங்கள்" என்றேன். அவள் திடுக்கிட்டு, "ஏன், அன்றைக்கு எனக்கு மயக்க மருந்து கொடுப்பீர்களா?" என்று கேட்டாள். மயக்கம் கொடுத்தால் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகக்கூடாது. இங்கே ஆஸ்பத்திரிக்குத் துணை என்பது அதற்கு மட்டும்தான். இல்லை, உங்கள் வலியை வெளியிலிருந்து பார்த்தவர் யாராவது, என்றேன். "மேல் மாடியில் ஒருவர் இருக்கிறார். நான் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும்போது சத்தம் போடாமல் தாண்டிப் போவார்" என்றாள். அவரை அழைத்து வரவில்லை. சிலர் யாரையாவது அழைத்து வருகிறார்கள். பெரும்பாலும் அந்த நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. தனியாக இருப்பதும் ஒரு மரியாதைதான் என்று இந்த ஊர் எனக்குக் கற்றுக்கொடுத்ததை நான் மறுக்கவில்லை; பூங்கொடியும் கதவு சாத்திய பிறகுதானே வாயைத் திறந்தாள். ஆனாலும் நாற்காலி இருக்கட்டும்.

பூங்கொடிக்கு அறுவை சிகிச்சை நடந்த நாளில் எனக்கு லீவு கிடைக்கவில்லை. சேலத்தில் அவளை உள்ளே கொண்டுபோய் வெகு நேரமாகியிருந்தது. காசெலில் அப்போதுதான் வெளிச்சம் வந்திருந்தது. எங்கள் பிரிவு திறக்கும் முன்பே வந்து, போனை மூன்றாவது நாற்காலியின் மேல் சாய்த்து வைத்து எதிரே உட்கார்ந்தேன். வீடியோவில் ராணி. ஆஸ்பத்திரி நடைபாதையின் நீள பெஞ்சில் வரிசையாக ஊர் உட்கார்ந்திருந்தது. ராணி போனை வரிசை நெடுகக் கொண்டுபோனாள். ஒவ்வொருவரும் "நானும் வந்துட்டேன் பாரு கண்ணு" என்று முகத்தைக் காட்டினார்கள். கடைசியில் பாப்பாத்தியம்மாள். அவருக்குப் பக்கத்தில் பெஞ்சு காலியாக இருந்தது. அதில் பச்சைக்கரைத் துண்டு விரித்திருந்தது.

யாரோ ஒரு வெளியாள் வந்து அந்த இடத்தில் உட்காரப் போனார். "ஏனுங்க, அங்க ஆளு வருதுங்க" என்றார் பாப்பாத்தியம்மாள்.

"எங்கம்மா போயிருக்காங்க?"

"ஜெர்மனிக்குப் போயிருக்குதுங்க."

டீ குடிக்கப் போயிருக்கிறது என்பதைப் போலத்தான் சொன்னார். அந்த மனிதரும் தலையாட்டிவிட்டு வேறு இடம் தேடிப் போனார். எனக்குச் சிரிப்பு வந்தது; அது சிரிப்பாகவே நிற்கவில்லை. அந்த நேரம் பார்த்துக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. "பூங்கொடி வீட்டுக்காரங்க யாரு?" என்று ஒரு குரல். பெஞ்சு மொத்தமும் எழுந்தது. ராணி பதற்றத்தில் போனைக் கீழே வைத்துவிட்டு ஓடினாள். வைத்தது அந்தத் துண்டின் மேல். எனக்குத் தெரிந்ததெல்லாம் மெதுவாகச் சுற்றும் ஒரு மின்விசிறி மட்டும். எனக்கென்று போட்டு வைத்த இடத்தில் படுத்துக்கொண்டு, மூச்சை அடக்கி, டாக்டரம்மாவின் குரலைக் கேட்டேன். "முழுசா எடுத்தாச்சுங்க. குடல் நல்லா இருக்கு. கர்ப்பப்பை பத்திரமா இருக்கு." அதற்குப் பிறகு எல்லாரும் ஒரே சமயத்தில் பேசியதில் ஒன்றும் புரியவில்லை. "எந்திரிச்சு நிப்பாளுங்களா?" என்ற ஒரு குரல் மட்டும் தனியாகக் கேட்டது.

என் அறைக் கதவைத் திறந்துகொண்டு உல்ரிக்கே உள்ளே வந்தாள். எதையும் கவனிக்காமல், வழக்கம்போல 'குட்டன் மோர்கன்' சொல்லிவிட்டு, மூன்றாவது நாற்காலியைத் தூக்கிப் போகக் கையை வைத்தாள்.

"அங்க ஆளு வருதுங்க" என்றேன்.

தமிழில் சொல்லிவிட்டேன் என்பது சொன்ன பிறகுதான் தெரிந்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். நாற்காலியின் மேல் போனில் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தாள். பிறகு கையை எடுத்துக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள்.